பாடபேதம் ஏட்டுச்சுவடிக்கு மட்டும்தானா?

பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்போர் கூட்டமொன்று நம்மூரிலும் உருவாகியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் தயாரிக்கும் பட்டியல்களைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை. ஜப்பானியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என ஒரே ஆட்டத்தின் மூன்று வெளியீடுகளுக்கு மூன்று வரிகள் ஒதுக்குகிறார்கள். அட்டைப்பெட்டியின் ஓரம் நசுங்கியிருக்கிறதா, உள்ளே கையேடு இருக்கிறதா என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள். மதுரையில் உண்மையிலேயே விற்று, உண்மையிலேயே விளையாடப்பட்ட கேசட்டுகளுக்கோ கடைசியில் ஒரே ஒரு வரி: 'டூப்ளிகேட், பல.' ஒரு நகரத்தின் விளையாட்டு வரலாற்றை இரண்டு சொற்களில் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றும் இந்தப் பட்டியல் முறையை நாம் எதிர்க்கிறோம்.

பழக்கமில்லாத வாசகருக்காகக் கொஞ்சம் பின்னணி. நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. உலகின் பாதிக்கு அது அந்தப் பெயரில் போய்ச் சேரவில்லை. தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் வார்த்தெடுத்த நகல்களாகவே போய்ச் சேர்ந்தது. ரஷ்யாவில் அதன் பெயர் டெண்டி, போலந்தில் பெகாசஸ். இந்தியாவில் சமுராய், லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். மதுரைக்காரர்கள் அதை 'டிவி கேம்' என்றார்கள். செருகும் அட்டையைக் 'கேசட்' என்றார்கள். உள்ளே நாடா எதுவும் கிடையாது, இருந்தும் அது கேசட்தான். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் வாங்கியவையும், சென்னை பர்மா பஜாரிலிருந்து யாரோ கொண்டுவந்தவையும், சிங்கப்பூர் போன உறவினர் கொடுத்தவையும் ஒரே தெருவில் கைமாறின. வாங்க வசதியற்ற பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட விடும் கடைகள் இருந்தன. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரைக்கு வந்துபோனவர்களின் பைகளில் இந்தக் கேசட்டுகள் சுற்றுவட்டாரம் முழுதும் பயணம் செய்தன. இங்கே வீடியோ கேம் 'வெளியீடு' என்றால் பெரும்பாலோருக்கு இதுதான். வேறு வெளியீடு அவர்கள் கண்ணில் பட்டதில்லை.

இனி அந்தக் கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்டிக்கரில் '9999999 இன் 1' என்றிருக்கும். உண்மையான ஆட்டங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பெயர்களெல்லாம் அதே ஆட்டங்கள்தாம். ஒன்று மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், ஒன்றில் உயிர்கள் கூடுதலாக இருக்கும், ஒன்றில் ஆயுதம் மாறியிருக்கும். தொடக்கத் திரையில் தயாரிப்பாளர் பெயரையும் ஆண்டையும் அழித்திருப்பார்கள். சிலவற்றில் கதாநாயகனின் முகமே வேறு. ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு கேசட்டுகளுக்குள் வெவ்வேறு சரக்கு இருக்கும். வெவ்வேறு ஸ்டிக்கருக்குள் ஒரே சரக்கு இருக்கும். ஏடு பெயர்த்தெழுதியவன் விட்டதும் சேர்த்ததும் எவையென்று தேடிப் பழகிய நம் வாசகர்களுக்கு இந்த வர்ணனை எதை நினைவூட்டுகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

இப்போது 'கான்ட்ரா' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்மூர்ச் சிறுவர்களுக்கு மரியோவுக்கு இணையாகத் தெரிந்த பெயர். கொனாமி நிறுவனம் வீட்டுக் கருவிக்கு அதை 1988இல் வெளியிட்டது. ஜப்பானியப் பதிப்பில் கட்டங்களுக்கிடையே வரைபடமும் கதைக் காட்சிகளும் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அவை கிடையா. 1990இல் ஐரோப்பாவுக்குப் போனபோது பெயர் 'ப்ரோபோடெக்டர்' ஆயிற்று. துப்பாக்கி ஏந்திய மனிதர்கள் இயந்திரப் பொம்மைகள் ஆனார்கள். இந்த மூன்றையும் சேகரிப்பாளர்கள் பக்தியோடு மூன்று பதிவுகளாக எழுதுகிறார்கள். எழுதட்டும். மதுரைக் கேசட்டில் பட்டியலின் ஒரு வரியைத் தேர்ந்தால் முப்பது உயிர்களோடு கான்ட்ரா தொடங்கும். மூலத்தில் அதற்கு ரகசியமாகப் பொத்தான்களை வரிசைப்படி அழுத்த வேண்டும். இங்கே யாரோ முகம் தெரியாத ஒருவர் அதைத் திறந்த வாசலாக்கி வைத்தார். இது நான்காவது பாடம் இல்லையா? நிறுவனம் மாற்றினால் 'வேற்றுப் பதிப்பு', பட்டறைத் தொழிலாளி மாற்றினால் 'குப்பை' என்ற இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? பட்டியலிடுபவர் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன மாறியிருக்கிறது' என்பது. 'யார் அனுமதித்தார்' என்று கேட்பது காவல் நிலையத்தின் வேலை.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் அயல்நாட்டு ஆர்வலர்களே இப்படி நடந்துகொள்ளவில்லை. 'குட்டூல்ஸ்' என்ற பழைய வகைப்பாட்டில் ஒப்புநோக்கிய நல்ல படிக்கு ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. கெட்ட படி, திருத்திய படி, திருட்டுப் படி ஒவ்வொன்றுக்கும் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. அவமரியாதையான பெயர்தான், ஆனாலும் இடம் இருந்தது. கேசட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையின் வகையைக் குறிக்க 'மேப்பர்' எண் என்றொன்றைத் தருவார்கள். முதலில் 256 எண்களுக்குத்தான் இடம். பின்வந்த வடிவத்தில் அது 4096 ஆக விரிந்தது. தைவானிலும் சீனாவிலும் அனுமதியின்றிச் செய்த பலகைகளுக்கும் அந்த வரிசையில் ஏராளமான எண்கள் தரப்பட்டிருக்கின்றன. அயலார் எண் கொடுத்த பலகைக்கு உள்ளூரார் ஒரு வரி கொடுக்க மறுக்கிறார்கள். இதற்கு ரசனை என்று பெயரிட நம்மால் இயலாது.

நிற்க. 'இதெல்லாம் இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு?' என்று முகம் சுளிப்போருக்கும் ஒரு வார்த்தை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பிழை மலிந்த ஏடு என்பதற்காக எதையும் தூக்கி எறிந்தவரல்லர். பல பிரதிகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து வைத்ததால்தான் நமக்கு நூல் கிடைத்தது. மதுரை, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர். இதே மதுரையை ஆண்ட அல்லியின் கதை 'பெரிய எழுத்து' நூலாகப் பல அச்சகங்களில், மலிவுத் தாளில், மீண்டும் மீண்டும் அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்றது. கற்றோர் அவற்றை நூலென மதிக்கவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும் சேர்த்து வைத்தபோது அதையும் பலர் மதிக்கவில்லை. அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் அத்தொகுப்பு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இன்று ஆய்வாளர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அந்தந்தக் காலத்தின் குப்பைதான் அடுத்த காலத்தின் ஆவணம். இதை நாம் எத்தனை முறைதான் கற்றுக்கொள்வது?

அடுத்த ஆட்சேபம் திருட்டைப் பற்றியது. நகலெடுத்தது சட்டத்துக்குப் புறம்பானதே, மறுக்கவில்லை. ஒரு பொருள் இருந்தது என்று எழுதுவது அதை விற்பதாகாது. தவிர, உரிமையாளர்களின் பாதுகாப்பை மட்டும் நம்பினால் என்னாகும்? அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. அசலுக்கே இந்த கதி! நம் சட்டமும் கைகொடுக்காது. 2012 திருத்தத்தில் நூலகங்களுக்கு மின்வடிவில் பாதுகாக்கும் சலுகை தரப்பட்டது. ஆனால் நூலகத்திடம் அப்படைப்பின் எண்மம் அல்லாத படி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறப்பிலேயே எண்மமான ஓர் ஆட்டத்துக்கு அத்தகைய படி எங்கிருந்து வரும்? ஆகவே, உள்ளடக்கத்தைப் படியெடுக்கும் விவாதத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு, விவரத்தைப் பதிவுசெய்யும் வேலையையாவது இன்றே தொடங்கலாம். அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

எப்படிப் பதிவது? நம் முன்மொழிவு எளியது. ஸ்டிக்கரில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுக. பிழையைத் திருத்துவது சான்றை அழிப்பதாகும். பின்களை எண்ணுக: ஃபேமிகாம் வழி வந்தவற்றில் அறுபது, அமெரிக்க வகையில் எழுபத்திரண்டு. திருகைக் கழற்றிப் பலகையின் இரு பக்கங்களையும் படமெடுக்க. அச்சிட்ட எண்கள் விடுபடலாகாது. பட்டியல் திரையில் சொல்லும் எண்ணிக்கையையும் உண்மை எண்ணிக்கையையும் தனித்தனியே தருக. மூலத்திலிருந்து மாறியவற்றை ஆட்டந்தோறும் குறிக்க. கடைசியாக, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கட்டம்: எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கியது, யார் யாரிடம் கைமாறியது. டோக்கியோவிலிருப்பவரால் மற்ற கட்டங்களை எப்போதாவது நிரப்பிவிட முடியும்; இந்தக் கட்டத்தை நம்மைத் தவிர வேறெவரும் நிரப்ப முடியாது.

அவகாசம் அதிகமில்லை. இவற்றில் பலவற்றின் சிப்பு பலகையின் மேலேயே பதிந்து, கறுப்புப் பிசின் பொட்டால் மூடியிருக்கிறது. பழுதானால் பிரித்து மாற்ற வழியில்லை. ஒவ்வொரு போகிக்கும் பரண் காலியாகிறது. பழைய இரும்புக் கடையில் பிளாஸ்டிக் தனியே, பலகை தனியே போகிறது. வாங்கி விற்ற கடைக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது. எந்தச் சரக்கு எந்த வழியாக மதுரைக்கு வந்தது என்ற கதை அவர்களோடு போய்விடும்.

2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. அத்தனை பெரிய கட்டடத்தில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் கேட்பது பேராசையாகாது. அது கிடைக்கும்வரை சேகரிப்பாளர்கள் தம் பட்டியலின் கடைசி வரியை அழித்துவிட்டு, அந்த 'பல' என்ற சொல்லுக்குள் எத்தனை இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கட்டும்.