வைத்தியர் பக்கம்: வாசலும் மாடிப்படியும்



இம்மாதம் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை ஓர் இதழ் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அன்பர் என்னைப் பிடித்து, "டொக்டர், வீட்டு வாசலுக்கும் மாடிப்படிக்கும் புதுத் தரை போடப் போகிறோம். கனகாலம் தேயாமல் கிடக்க எது நல்லது?" என்று கேட்டார். இது ஓடாவியாரிடம் கேட்க வேண்டிய கேள்வியல்லவா என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எங்கள் மாடிப்படியைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பாடத்தை என்னைவிடக் கூடிய விலை கொடுத்துப் படித்தவர்கள் இவ்வூரில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

எங்களுடையது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் 1970களில் கட்டப்பட்ட வீடு. கதவைத் திறந்தால் ஒரு முழத் துண்டு வாசல், உடனே படி. வாங்கிய நாள்முதல் மேலும் கீழும் படியிலும் கம்பளமே கிடந்தது. இளைய மகளுக்குத் தொய்வு வந்தபோது, தூசியும் தூசிப் பூச்சியும் அடையும் இடம் இதுவே என்று, வைத்தியன் என்ற முறையில் நானே உத்தரவு போட்டுக் கம்பளத்தைக் கழற்றுவித்தேன். அதன் கீழே படிகள் நல்ல ஓக் பலகையாக இருந்தன. அவற்றைத் தேய்த்துப் பளபளக்கும் வார்னிஷ் பூசினோம். மேல்மாடி நடையில் பழைய பலகைக்கு மேலே 19 மில்லிமீற்றர் தடிப்புள்ள புது ஓக் பலகை அடித்தோம். வந்தவர்கள் எல்லோரும் முகம் பார்க்கலாம் போலிருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்றாவது கிழமை, விடியற்காலை, சுவாமி விளக்கேற்ற மாமி கீழே இறங்கினார். காலில் கம்பளிக் காலுறை. முதலாவது படி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. கால் தேடிப் போய் வழுக்கி, நான்கு படி சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. டப்ளின் நகரத்துச் சத்திர வைத்தியர் ஆபிரகாம் கொலிஸ் 1814இல் விவரித்த அதே முறிவு. மாணவனாக இருந்தபோது பரீட்சைக்காக எத்தனையோ முறை எழுதியது, என் வீட்டுப் படியடியில் கிடந்தது. கையோடு போனது முருகன் செயல். அந்த வயதில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அன்று பின்னேரம் அளவு நாடா எடுத்து அளந்தேன். மற்றப் படிகள் ஒவ்வொன்றும் 187 மில்லிமீற்றர் உயரம். மேலிருந்து இறங்கும் முதற்படி மட்டும் 206. நாம் புதிதாக அடித்த பலகையின் தடிப்பு, அணுவும் பிசகாமல். கனடாவின் தேசியக் கட்டட விதிப்படி வீட்டுப் படியின் உயரம் 200ஐத் தாண்டக் கூடாது. அடுத்தடுத்த படிகளுக்கிடையில் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசமும் கூடாது. பலகை அடித்தவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டதெல்லாம் கீறல் விழுமா என்பதுதான்.

இருபது மில்லிமீற்றர் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். படி இறங்கும்போது நாம் முதலிரண்டு படியைத்தான் கண்ணால் பார்க்கிறோம். பிறகு காலே கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை ஒரு படி பொய்யாக்கினால் போதும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கும் இது இன்னும் மோசம். அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி புத்தகம் வாசிக்க. அதன் வழியாகப் படியைப் பார்த்தால் மங்கல்தான். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் நாற்சார் வீட்டில் ஏறி இறங்க என்ன இருந்தது? திண்ணையும் முற்றமும்தான். நம் தாய்மார் பலர் தினசரி மாடிப்படி ஏறத் தொடங்கியதே இந்த நாட்டுக்கு வந்து, அறுபது வயதுக்குப் பிறகு. அங்கே சிவப்புச் சீமெந்துத் தரையைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து மினுக்கி வைத்தாலும் நடந்தது வெறுங்காலோடு. வெறும் பாதம் தரையைப் பிடிக்கும். காலுறை பிடிக்காது.

ஆகவே கேட்ட அன்பருக்கு என் முதல் வார்த்தை: வாசல், படி, மேல் நடை ஆகிய மூன்றையும் ஒரே வேலையாக எண்ணுங்கள். மேலே 19 மில்லிமீற்றர் உயர்த்தினால் ஒவ்வொரு படியும் 19 உயர வேண்டும். படிகளை மட்டும் உயர்த்தினால் குறை கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். ஆகவே கீழ் வாசலும் 19 உயர வேண்டும். கடைசியில் நாங்கள் அப்படித்தான் திருத்தினோம். படிகளுக்கு மேலே அதே தடிப்பில் புதுப் பலகை, கீழே அடிப்பலகையும் பசையும் ரைல்ஸுமாகச் சேர்த்து அதே உயரம். முதலிலேயே யோசித்திருந்தால் பாதிச் செலவோடு முடிந்திருக்கும்.

இனிப் பொருட்களைப் பார்ப்போம். மரத்தின் வலிமையை ஜங்கா என்ற அளவால் சொல்வார்கள். ஒரு சிறு இரும்புக் குண்டைப் பாதி அளவுக்குப் பலகையில் புதைக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்பதே அது. சிவப்பு ஓக் 1290, கியூபெக்கின் கடின மேப்பிள் 1450. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் தேக்கு ஆயிரத்தைச் சற்றுத்தான் தாண்டும். வெள்ளைப் பைன் 380. படிக்கு அதை நினைக்கவே வேண்டாம். ஓக்கோ மேப்பிளோ இரண்டும் போதும். ஓக்கின் வரி கீறலை மறைக்கும், மேப்பிள் காட்டிக்கொடுக்கும். உண்மையில் தேய்வது மரமல்ல, மேற்பூச்சு. அதைத் தின்பது சப்பாத்தோடு வரும் மணல். பூச்சு பளபளப்பில்லாததாக இருக்கட்டும். மாரியில் வீட்டுக் காற்று உலர்ந்து பலகைகளுக்கிடையில் வெடிப்புத் தெரிந்தால் பதற வேண்டாம். ஈரப்பதனை நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டால் பலகைக்கும் நல்லது, உங்கள் மூக்குக்கும் நல்லது.

கீழ் வாசலுக்கு மரம் வேண்டாம். தெருவில் தூவும் உப்பு நவம்பர் தொடங்கிச் சித்திரை வரை நம் சப்பாத்தோடு உள்ளே வருகிறது. அதில் கல்சியம் குளோரைட் இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொண்டு, காயாமல், எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். இதற்குத் தோதானது போர்சலின் ரைல்ஸ். அது தன் நிறையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாது. கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். மினுக்கமில்லாததா? ஈரத்தில் உராய்வு எண் 0.42க்குக் குறையாததா? விற்பவருக்கு இரண்டாவது கேள்வி விளங்காவிட்டால் பெட்டியோடு வரும் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உப்புக் கறைக்கு வாளித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டுத் துடைத்தால் போர்சலின் தாங்கும். மார்பிளிலும் மரப்பூச்சிலும் அதைச் செய்யாதீர்கள். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லை வரவழைத்துப் போட வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். கண்ணாடித் தட்டில் வார்த்து, நீரில் ஊறவைத்து, சூளை காணாமலே செய்யும் அருமையான கல் அது. ஆனால் சீமெந்து ஆகையால் உப்பு நீரை உறிஞ்சிக் கறைபிடிக்கும். சுவாமி அறைக்குப் போடுங்கள், வாசலுக்கு வேண்டாம்.

வினைல் பலகை மலிவு, நீருக்கு அஞ்சாது. மேல் தேய்படை அரை மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று கொளுவும் வகையைப் படியில் மிதக்கவிடக் கூடாது. முழுதும் ஒட்டி, விளிம்புக்கு உரிய மூக்குப் பட்டை வைக்க வேண்டும். லமினேட் இணைப்பில் நீர் இறங்கினால் ஊதிவிடும். தள்ளுபடியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கம்பளத்தை நான் விரட்டியது அவசரம் என்று இப்போது நினைக்கிறேன். படியின் நடுவில் மட்டும் நெருக்கமான, குட்டை மயிர் நைலோன் ஓட்டக் கம்பளம் போட்டால் பிடிப்பு வரும், விழுந்தாலும் அடி குறையும், கிழமைக்கொரு தடவை தூசி உறிஞ்சினால் தொய்வுக்காரருக்கும் அவ்வளவு இடைஞ்சலில்லை. அடியிலுள்ள மெத்தை கால் அங்குலம் அளவில் இறுக்கமாக இருக்கட்டும். மெத்தை தடித்தால் படி விளிம்பு உருண்டு கால் நழுவும். நம் பழைய வீடுகளில் இது முக்கியம், ஏனெனில் படிகளே ஒடுக்கம். 2015ஆம் ஆண்டுத் தேசிய விதிதான் படியின் குறைந்த ஓட்டத்தை 210இலிருந்து 255 மில்லிமீற்றராக்கியது. எங்கள் படியில் என் பாதம் முழுதாக வைக்க இடமில்லை.

பழைய தரையைக் கிளப்புமுன் ஒரு சொல். 1980க்கு முந்திய வீட்டில் கம்பளத்துக்குக் கீழே ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடு தென்பட்டால் கைவைக்காதீர்கள். அதிலும் அதன் கறுப்புப் பசையிலும் கல்நார் இருக்கக்கூடும். கல்நார் வெட்டியே வாழ்ந்த ஊர் இந்த மாகாணத்தில் இருந்தது. 2020இல் அது தன் பெயரையே வால்-டெ-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது. கனடா கல்நாரைத் தடைசெய்தது 2018இல்தான். ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வந்த பின் வேலையைத் தொடங்குங்கள். உடையாமல் கிடந்தால் அதன் மேலேயே புதுத் தரை போடலாம். அப்போதும் படி உயரத்தை அளக்க மறக்க வேண்டாம்.

மாமியின் கை ஆறிவிட்டது, விரல்கள் சற்று விறைப்பு. படியின் இருபுறமும் கைப்பிடி, ஒவ்வொரு விளிம்பிலும் வேறு நிறப் பட்டி, மேலே இரவு விளக்கு எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் விளக்கேற்ற இறங்கும்போது முதற்படியில் நின்று ஒரு கணம் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குகிறார்.

இரத்த அழுத்தம் அடுத்த இதழில்.