நத்தாரும் சீசனும்

'நத்தார்' என்னும் சொல்லைத் தமிழகத்து அன்பர் ஒருவரிடம் சொன்னால் அவர் சற்றே திகைப்பார். கிறிஸ்து பிறந்த நாளை இலங்கைத் தமிழர் இப்பெயரால் வழங்குவது, போர்த்துக்கேயர் இந்நாட்டில் விட்டுச்சென்ற சொற்செல்வங்களுள் ஒன்று. 'நத்தால்' என்பது அவர்தம் மொழியில் பிறப்பைச் சுட்டும். நாமோ அதன் கடையில் மரியாதை விகுதி ஒன்றை ஏற்றிப் பெரியவர் பெயர்போல ஆக்கிக்கொண்டோம். எல்லக் கடைவீதியில் இன்று அந்தப் பெரியவரும் ஒதுங்கி நிற்கின்றார். டிசெம்பர் மாதத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'சீசன்'. விடுதிக்காரர், முச்சக்கர வண்டி ஓட்டுநர், இளநீர் விற்பவர் யாவரும் ஒருவரையொருவர் கண்டதும் வினவுவது 'சீசன் எப்படி?' என்பதே. பிறப்பைக் குறித்த சொல்லின் இருக்கையில் பருவத்தைக் குறித்த சொல் வந்து அமர்ந்துகொண்டது. அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதே ஈண்டு என் ஆராய்ச்சி.

1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இன்று உலகெங்கும் படங்களில் பரவியுள்ளது. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2024இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெருந்தொகையினர் இம்மலைக்கும் வருகின்றனர். மார்கழிப் பனியில் விடுதிகள் மின்விளக்கு மாலை சூடுகின்றன. வாயிலில் பஞ்சுத் தாடியோடு நத்தார் தாத்தா நிற்கின்றார். அந்தத் தாடிக்குள் இருக்கும் இளைஞன் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்குபவன், இரவு விருந்துக்குத் தட்டு ஏந்துபவன், படுக்கை விரிப்பவள் ஆகியோரும் அங்கிருந்து வருவோரே. அவர்களுள் கிறிஸ்தவர் பலர். என்னிடம் தமிழ் கற்ற மாணாக்கன் ஒருவன், நான்கு ஆண்டுகளாக நத்தார் நள்ளிரவு ஆராதனையைக் காணவில்லை என்றான். கோயில் மணி ஒலிக்கும் வேளையில், பிறர் கொண்டாடும் நத்தாருக்கு அவன் பரிமாறிக்கொண்டிருப்பானாம்.

இதனைக் கேட்டவுடன் சுற்றுலாத் தொழிலைச் சபிக்கத் தோன்றும். யான் அவ்வாறு சபிக்கமாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இந்நாட்டைத் தாக்கியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகளே சரிந்து இறங்கின. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கண்ட மக்களுக்கு அவ்வச்சம் புதிதன்று. ஆயினும் இத்துணைப் பரப்பில் அவர்கள் அதனைக் கண்டதில்லை. வீதிகள் அறுந்தன, மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. நவம்பர் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தவர்க்குத் திருவருகைக் காலம் தொடங்கியது. கிறிஸ்துவை எதிர்நோக்கும் முதல் நாளில் பலர் மண்ணுக்குள் உறவினரைத் தேடிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு சீசன் குன்றிய இடங்களில் அடுப்பும் குன்றியது. தோட்டத்தில் தாய் கொழுந்து பறித்துப் பெறும் கூலியோடு விடுதியில் மகன் பெறும் சம்பளமும் சேர்ந்தால்தான் பல வீடுகளில் மாதம் நகரும். சீசனும் சோறுதான்.

அந்நாட்களில் மற்றொரு குரலும் எழுந்தது. நாடு துயருற்றிருக்கக் கொண்டாட்டம் எதற்கு, எல்லாவற்றையும் நிறுத்துக என்றனர் சிலர். நல்லெண்ணம் உடைய குரல்தான். ஆனால் 'ஆடம்பரம் குறைக' என்னும் அறிவுரை, ஆடம்பரத்தை அறியாதவர் வாயிலுக்கே முதலில் போய்ச் சேர்வதைக் கண்டேன். லயத்துக் குழந்தைக்கு ஆண்டில் ஒரு முறை கிடைக்கும் புத்தாடை ஆடம்பரமா? அந்தப் புத்தாடையும் கடனிற் பிறந்தது. தோட்டங்களில் பண்டிகை முற்பணம் தரும் வழக்கம் உண்டு. இந்துக்கள் தீபாவளிக்கும் கிறிஸ்தவர் நத்தாருக்கும் பெறுவர். பெற்றதைப் பின்வரும் மாதச் சம்பளங்களிற் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வர். ஒரு நாட் கூலியைத் தோட்டத் தமிழ் 'பேர்' என்னும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். (எந்த அகராதிக்காரரும் இப்பொருளை விட்டுவிடலாகாது.) இன்று உண்ணும் கேக்கிற்கு வரும் மாதங்களிற் பேர் பேராய்க் கணக்குத் தீர்ப்பவரை நோக்கிச் சிக்கனம் போதிப்பது பொருந்தாது. அவர்கள் கொண்டாடட்டும். சுருங்கவேண்டியது வேறிடத்து விருந்து.

புயலுக்குப் பின் உதவியும் வந்தது. லொறி லொறியாக அரிசியும் பாயும் பாலுணவும் வந்தன. கொடுத்தவருள் பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டோம். எனினும் சில லொறிகளின் முன்னே பொருளைவிடப் பெரிய பதாகை தொங்கியது. பொதியைக் கையில் வைத்துக்கொண்டு, பெறுபவள் படக்கருவியை நோக்கும்வரை விடாது பிடித்திருந்த கைகளையும் கண்டேன். வள்ளுவர் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலையும், 23ஆவதாக ஈகையையும், 24ஆவதாகப் புகழையும் வைத்தார். நம் காலத்தார் 24இல் தொடங்கிப் பின்னோக்கிப் படிக்கின்றனர். பலர் 22ஐ எட்டுமுன் ஏட்டை மூடிவிடுகின்றனர்.

கொடுத்தலைப் பற்றி மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்துதான் கற்பிக்கவேண்டும் என்பதும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவ மகளிரிடம் பிடியரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது களைந்திட எடுத்த அரிசியில் ஒரு கைப்பிடியை வேறு கலத்தில் இட்டுவைப்பர். நிறைந்ததும் கோயிலுக்குச் சேர்ப்பர். சைவ வீடுகளிலும் இப்பழக்கம் இருந்தது. எதை எதனின்று கற்றனர் என்னும் வழக்குக்கு யான் வரவில்லை. இக்கொடைக்குச் சீசன் இல்லை, பதாகை இல்லை. வேண்டாதது எஞ்சிக் கிடந்து அதனைக் கொடுப்பதன்று; உண்ணும் அளவிலிருந்தே குறைத்துக் கொடுப்பது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணை இயேசுநாதர் எடுத்துக்காட்டியது இதன்பொருட்டே. அடுப்படியில் நிகழ்வதால் இது வழிபாடும் ஆகின்றது. பக்தி வேறு, ஈகை வேறு என்று பிரிக்க அங்கே இடமில்லை.

திருச்சபைக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. தோட்டத் தமிழரிடையே தொண்டு செய்ய 1854இல் தோன்றிய மிஷன், தன் பெயரிலேயே 'தமிழ்க் கூலி' என்னும் சொற்களைத் தாங்கியிருந்தது. பின்னாளில் அப்பெயர் கைவிடப்பட்டது. பெயர் போனதோடு பார்வையும் முற்றாகப் போயிற்றா என்பது வேறு வினா. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணாயக்கார அந்தப் பழைய, வளமுள்ள பீடத்தை விட்டு இந்த வறிய புதுப் பீடத்தைத் தாமே நாடி வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்னும் நிலையத்தை அமைத்தார்; 1982இல் மறைந்தார். நிதி அனுப்பியிருக்கலாம், அனுப்பாமல் அவரே வந்தார்.

நத்தார்க் கதையைத் தமிழாசிரியன் கண்ணாற் படிக்கும்போது என்னை நிறுத்துவன இரண்டு. சத்திரத்தில் இடமில்லாமையால் பிள்ளை தொழுவிற் பிறந்தது என்பது ஒன்று. விடுதிகளே ஊரான எல்லயில் இதனைப் படிப்பது சற்றுச் சுடுகின்றது. மற்றொன்று, முதற்செய்தி பெற்றோர் யாவர் என்பது. ஆலயத்தில் இருந்தோர்க்கு அது வரவில்லை. வெட்டவெளியில் இராக்காவல் புரிந்த மேய்ப்பர்க்கு வந்தது. இக்காலச் சொல்லிற் சொல்வதானால் அவர்கள் இரவு வேலைக்காரர். வேலையை விட்டுக் கோயிலுக்கு வந்தாற்றான் செய்தி என்று வானவர் நிபந்தனை வைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. ஒரே போதகர் பல தோட்டப் பிரிவுகளுக்குச் செல்லவேண்டிய இந்நாட்டில், ஆராதனையை நாள் மாற்றி நேரம் மாற்றி நடத்துதல் புதுமையாகாது. விடுதி வேலையாளர்க்காக 25ஆம் நாள் பின்மாலையில், அல்லது மறுநாள் விடியலில் ஓர் ஆராதனை வைக்கலாம். விடுதி உரிமையாளர் மின்விளக்குக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, 24ஆம் நாளிரவு இரண்டு மணி நேர விடுப்பாக மாற்றலாம், சம்பளம் குறைக்காமல். அந்த இரண்டு மணி நேரம் சைவப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் தட்டு ஏந்தட்டும். தைப்பொங்கலன்றும் வெசாக்கன்றும் கிறிஸ்தவப் பிள்ளை அக்கடனைத் தீர்க்கட்டும்.

மார்கழியில் எங்கள் தோட்டத்துப் பாதையில் விடியலிற் பஜனைக் கோஷ்டியும் இரவிற் கரோல் கோஷ்டியும் போகும். சில வீடுகளில் இரண்டுக்கும் தேநீர் கொடுப்பவள் ஒருத்தியே. கரோல் பாடுவோரை விடுதிகள் அழைப்பதுண்டு. முன்கூடத்தில் விருந்தினர்க்குப் பாடி, கேக் பெற்று வருவர். பாடுக, தவறில்லை. பாடி முடித்தபின், விறகும் எரிவாயு உருளைகளும் கிடக்கும் பின்புறத்துக்குச் சென்று, சமையற்கூடத்துக் கதவருகில் இன்னொரு பாட்டுப் பாடுக. ஈரக் கையோடு ஓரிருவர் வெளியே வந்து நிற்பர்.