முதல் வளைவு மோதல்: பிள்ளைகள் மேல் மட்டும் பழி போடலாமா?

ஜார்ஜ்டவுன்: சிறுவர் கோ-கார்ட் பந்தயத்தில் பெற்றோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முதல் வளைவில்தான். பினாங்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் கடந்து சிப்பாங் போகும் குடும்பத்துக்கு, பல மாதப் பயிற்சியும் பணமும் அந்தச் சில விநாடிகளில் வீணாகலாம்.

காரணம் பிள்ளைகளின் அவசரம் மட்டுமல்ல. இரு வரிசையாக நெருங்கிப் புறப்படும் கார்ட்டுகள், டயர் சூடேறுவதற்குள் வளைவை அடைகின்றன. முன்னே செல்பவர் வேகத்தைக் குறைத்ததும் பின்னால் வருபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருக்குகின்றனர். பெரும்பாலான சிறுவர் கார்ட்டுகளில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. திடீரென மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் ஒரு கார்ட் மற்றொன்றின் மேல் ஏறவும் கூடும்.

இது விளையாட்டுத்தனமான ஆபத்து அல்ல. 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 13 வயது பெங்களூரு வீரர் ஒருவர் பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் முதல் வளைவில் விழுந்து உயிரிழந்தார். அதே மாதம் அவர் சிப்பாங்கிலும் களமிறங்கவிருந்தார். மோட்டார் சைக்கிள் வேறு, கார்ட் வேறு. ஆனால் கூட்டமாக ஒரே வளைவை நோக்கிப் பாயும் ஆபத்து இரண்டுக்கும் பொது.

அனைத்துலக கார்ட் பந்தயங்களில் 2015 முதல் ஒரு மாற்றம் வந்தது. முன்பக்க பிளாஸ்டிக் கவசம், மோதினால் உள்நோக்கி நகரும்படி பொருத்தப்படுகிறது. பந்தய முடிவில் அது இடம் மாறியிருந்தால் ஓட்டுநருக்கு நேர அபராதம். 'முன்னால் இருப்பவரைத் தள்ளினால் உனக்கே நட்டம்' என்பதே அதன் பாடம்.

இதிலும் குறை உண்டு. முன்னால் இருப்பவர் காரணமின்றி பிரேக் பிடித்தாலும், பின்னால் வந்தவரின் கவசமே நகர்கிறது. எனவே கவசம் இருந்தால் போதாது. வளைவில் கண்காணிப்பாளரும் காணொளிப் பதிவும் வேண்டும். வரிசை குலைந்தால் புறப்பாட்டை நிறுத்தி மீண்டும் தொடங்கும் துணிவு ஏற்பாட்டாளர்களுக்கு வேண்டும்.

மோதலுக்குப் பின் வரும் பழுதுபார்ப்பும் பாதுகாப்பு சார்ந்ததே. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. இரும்புச் சட்டமே வளைந்து கொடுத்து அந்த வேலையைச் செய்கிறது. அதனால் சட்டம் சற்றுக் கோணினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிளாஸ்டிக் உடைசலை எல்லாரும் பார்ப்பார்கள். ஸ்டியரிங் இணைப்புத் தண்டு, முன்சக்கர அச்சு, பின் அச்சு, வெல்டிங் மூட்டு, இருக்கை ஆகியவற்றில் உள்ள விரிசலும் கோணலும் எளிதில் கண்ணில் படாது. வளைந்த ஸ்டியரிங் தண்டைத் தட்டி நிமிர்த்திச் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. அதை மாற்றியே ஆக வேண்டும். சட்டத்தைச் சீர்செய்தபின் சக்கரங்களின் நேர்கோட்டையும் அளக்க வேண்டும்.

இங்குதான் வசதி குறைந்த குடும்பங்கள் தடுமாறுகின்றன. மோதலுக்கு மோதல் உதிரிபாகம் வாங்க முடியாதவர், ஒன்று பழுதான வண்டியிலேயே பிள்ளையை அனுப்புவார், அல்லது விளையாட்டையே விட்டுவிடுவார். மோதலைக் குறைப்பது, திறமையுள்ள பிள்ளைகளைக் களத்தில் தக்கவைக்கும் வழியும்கூட.

பதிவுக் கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: முதல் வளைவை யார் கண்காணிக்கிறார்கள்? தள்ளினால் என்ன தண்டனை? மோதிய வண்டியை மறுபடி ஓட்ட அனுமதிப்பதற்குமுன் யார் பரிசோதிக்கிறார்கள்? தெளிவான பதில் இல்லாத பந்தயத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருப்பது கோழைத்தனம் அல்ல.