'நான்தான் செய்தேன்' என்றால் போதுமா?

1973இல் மைசூரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. பெயர் 'வைமானிக சாஸ்திரம்'. சமஸ்கிருத மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொண்டது. வெளியிட்டவர் மைசூரில் சர்வதேச சமஸ்கிருத ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஜி.ஆர். ஜோஸ்யர். இயற்றியவராகச் சொல்லப்பட்டவர் பரத்வாஜ மகரிஷி. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு வகை விமானங்கள், படங்களுடன்.

பண்டைய இந்தியர்கள் விமானத்தில் பறந்தார்கள் என்பவர்கள் முதலில் காட்டும் சாட்சி இந்த நூல்தான். பறக்கும் தட்டு ஆர்வலர்களுக்கும் இது பொக்கிஷம். 'இது ரிஷி எழுதியதல்ல, நாங்கள் எழுதியது' என்று சம்பந்தப்பட்டவர்களில் யாராவது பின்னாளில் சொல்லியிருந்தால் விவகாரம் முடிந்திருக்குமா? மற்ற நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால், சந்தேகம்தான்.

தெற்கு இங்கிலாந்தின் வயல்களில் பயிர்கள் வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடந்த மர்மத்தை எடுத்துக்கொள்வோம். வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்று பலர் நம்பினார்கள். 1991 செப்டம்பரில் டக் பவர், டேவ் சோர்லி என்ற இரண்டு முதியவர்கள் 'டுடே' என்ற பத்திரிகையிடம் உண்மையைச் சொன்னார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து தாங்கள்தான் இதைச் செய்து வந்ததாகவும், அதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் கயிறும் போதும் என்றும் கூறினார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார்கள். அப்படி அவர்கள் உருவாக்கிய ஒரு வட்டத்தைப் பார்த்த நிபுணர் ஒருவர், இது மனிதரால் ஆகிற காரியமில்லை என்று சான்றளித்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

நம்பியவர்கள் அப்போதும் அசரவில்லை. "சிலவற்றை இவர்கள் செய்திருக்கலாம். எல்லாவற்றையுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு வட்டத்தையும் யார் போட்டது என்பதை அந்த ஒப்புதல் நிரூபிக்கவில்லை. பலகையும் கயிறும் போதும் என்பதை நிரூபித்தது. அதற்குப் பிறகு வேற்றுக்கிரகத்தை இழுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

எல்லா ஒப்புதலும் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே அதை நம்பினார். 1983இல், இருவரும் பாட்டிகளான பிறகு, காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐந்து படங்களில் கடைசிப் படம் பற்றி இருவரும் ஒத்துப்போகவில்லை. ஐந்துமே போலி என்றார் ஒருவர். ஐந்தாவது நிஜம் என்று இறுதிவரை சாதித்தார் மற்றவர்.

1995இல் டி.வி.க்களில் பரபரப்பாக ஓடிய 'வேற்றுக்கிரகவாசியின் பிரேதப் பரிசோதனை' படத்தின் கதை இன்னும் சுவாரசியம். அதை வெளியிட்ட ரே சாண்டிலி 2006இல் அது லண்டனில் பொம்மையை வைத்து எடுத்தது என்று ஏற்றுக்கொண்டார். அதே மூச்சில், அசல் படச்சுருள் ஒன்று இருந்ததாகவும் அது பழுதாகிவிட்டதால் அதைப் பார்த்தபடியே மீண்டும் எடுத்ததாகவும் சொன்னார். பழைய பொய்யை ஒப்புக்கொள்ளும்போதே ஆதாரமில்லாத புதிய கதை ஒன்றும் சேர்ந்துவிட்டது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை நம் கோர்ட்டுகள் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால், அதைத் தாங்கிப் பிடிக்க வேறு சான்று கேட்கின்றன. மர்மங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். முதலில் சொன்னதைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்றால், கடைசியில் சொல்வதையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

மைசூர்ப் புத்தகத்தில் அந்தச் சோதனை நடந்தது. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச்.எஸ். முகுந்தாவும் நான்கு சகாக்களும் நூலை வரிவரியாக ஆராய்ந்தார்கள். அதன் சமஸ்கிருதம் வேதகாலத்தது அல்ல, நவீனமானது. படங்களில் தற்கால இயந்திர அறிவு தெரிகிறது. அவற்றை 1923இல் வரைந்த எல்லப்பா, பெங்களூர் எஞ்சினீயரிங் கல்லூரியைச் சேர்ந்தவர். அந்த விமானங்கள் எதுவும் பறக்கக்கூடியது அல்ல. அவற்றைச் செலுத்தச் சொல்லப்பட்ட முறைகள் பறப்பதற்கு உதவுவதை விடத் தடையாகவே இருக்கும். நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது அவர்களின் முடிவு. யாருடைய ஒப்புதலும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

உண்மையில் ஒரு வாக்குமூலம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இந்த நூலைச் சொன்னவர் சுப்பராய சாஸ்திரி. ஓசூர் வட்டாரத்தில் பிறந்து ஆனேக்கல்லில் வாழ்ந்தவர். 1918க்கும் 1923க்கும் இடையில் அவர் சொல்லச் சொல்ல வெங்கடாசல சர்மா எழுதிக்கொண்டார். பழைய சுவடி ஒன்றைப் பார்த்துச் சொன்னதாக சாஸ்திரி கூறவில்லை. பரத்வாஜர் தம் உள்ளத்தில் உணர்த்தியதாகவே சொன்னார். அவர் ஏமாற்றினார் என்று குற்றம் சாட்ட இதில் இடமில்லை. அதை அவர் மனதார நம்பியிருக்கலாம். ஆனால் சுலோகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர் மறைக்கவில்லை.

அதை விட்டுவிட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். 'உள்ளத்தில் உணர்த்தியது' என்ற வார்த்தை மெல்ல மறைந்தது. ரிஷி எழுதிய பழம்பெரும் நூல் என்பது மட்டும் மிஞ்சியது. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையிலேயே, விமானிப் பயிற்சி நிலையம் ஒன்றின் ஓய்வுபெற்ற முதல்வர் பரத்வாஜரின் விமானங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பெங்களூர் ஆய்வு வெளிவந்து அப்போது 40 ஆண்டுகள் கடந்திருந்தன.

பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அந்த நான்கு விமானங்களின் படத்தைக் காட்டி 'இது நிஜமா?' என்று கேட்டால், ஆசிரியர் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. படத்தை யார் வரைந்தார், எந்த ஆண்டில், சுலோகத்தை யார் சொல்லி யார் எழுதினார் என்று கேட்கச் சொன்னால் போதும். நான்குக்கும் பதில் இருக்கிறது.