குடும்பத்திற்கு அளவுகோலும் முதுமைக்கு ஊன்றுகோலும்

ஒரு குடும்பத்தில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? நம் சங்கங்களில் மகாசபைக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் திண்ணையில் அமர்ந்து பேசும்போது இக்கேள்வி எழுவதைக் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கு மேற்பட்டால் சலுகைகளை நிறுத்திவிட வேண்டும் என்பார் ஒருவர். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடங்கள் வெறிச்சோடுகின்றன, அதிகம் பெறும்படி சட்டம் செய்யவேண்டும் என்பார் மற்றொருவர். இருவரும் நம்பியிருப்பது சர்க்காரின் ஆணையைத்தான். அத்தகைய ஆணையை முப்பத்தைந்து ஆண்டுக் காலம் நடத்திப் பார்த்த நாடு சீனம். அதன் அனுபவத்தை ஆராய்வது நமக்கு நலம் பயக்கும்.

1980 செப்டம்பர் 25 அன்று சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் அங்கத்தினர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் விடுத்தது. ஒரு தம்பதிக்கு ஒரே குழந்தை போதும் என்பது அதன் வேண்டுகோள். முதியோரின் கதி என்னவாகும் என்ற ஐயத்திற்கும் அதிலேயே விடை இருந்தது. உற்பத்தி பெருகும்போது சமூகக் காப்பும் பெருகும், முதியோர் ஆதரவு பெறுவர் என்று அது உறுதி கூறிற்று. வேண்டுகோள் விரைவிலேயே கட்டாயமாயிற்று. மீறியோர் தம் ஆண்டு வருமானத்தைப்போல் பன்மடங்கு தண்டம் கட்ட நேர்ந்தது. பெண்கள் பலர் பலவந்தமாகக் கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் உட்படுத்தப்பட்டனர்.

இங்கே குடியானவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அதே ஆண்டுகளில்தான் சீனத்துக் கிராமங்களில் கம்யூன்கள் கலைக்கப்பட்டு, நிலங்கள் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதுவரை பலர் கூடிச் செய்த உழவு ஒரு வீட்டின் கைகளை நம்பி நின்றது. ஒரு புறம் வீட்டாரின் உழைப்பே முதல் என்றாயிற்று. மறு புறம் வீட்டாரின் தொகைக்கு வரம்பு வந்தது. பாவு ஓட ஒருவர், தார் சுற்ற ஒருவர், அச்சுப் பிணைக்க இருவர் என்று வீடே சேர்ந்து நடத்தும் தறித்தொழிலை அறிந்த நம் நெசவாளர்களுக்கு அந்த நெருக்கடியை விளக்கத் தேவையில்லை.

மகள் மணமாகிப் புருஷன் வீடு செல்வாள், மகனே முதுமையில் சோறிடுவான் என்பது அந்நாட்டுக் கிராமங்களின் வழக்கம். கிராமத்தாரின் எதிர்ப்பைக் கண்ட சர்க்கார், 1984 முதல் பல மாகாணங்களில், முதற்குழந்தை பெண்ணாயின் இரண்டாவது பெறலாம் என்று விதியைத் தளர்த்திற்று. ஆண் குழந்தைக்கே மதிப்பு என்பதை விதியே ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று. கருவிலேயே பெண்ணை அழிக்கும் கொடுமை பரவிற்று. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சீனத்தில் இது 118ஐ எட்டியிருந்தது. தண்டத்திற்கு அஞ்சிக் குடும்பப் பதிவேட்டில் சேர்க்கப்படாத குழந்தைகளோ பள்ளி, மருத்துவம், வேலை ஆகியவற்றில் எண்ணற்ற இடர்ப்பட்டனர். பதிவில்லாத மக்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம் என அதே கணக்கெடுப்பு காட்டிற்று.

வாக்களித்த முதியோர் ஆதரவு என்னவாயிற்று? கிராமத்தாருக்கான புதிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கிய ஆண்டு 2009. அடிப்படைத் தொகை மாதம் 55 யுவான். ஆணை பிறந்ததற்கும் ஆதரவு வந்ததற்கும் இடையே ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது. இருந்த ஒரே பிள்ளையையும் நோயிலோ விபத்திலோ பறிகொடுத்த பெற்றோரின் துயரைத் தனிப்பெயரிட்டு அழைக்கவேண்டிய நிலை அந்நாட்டில் ஏற்பட்டது.

நன்மை ஒன்றுமே இல்லையா எனின், உண்டு. நகரங்களில் ஒரே மகளாகப் பிறந்த பெண்கள், முன்பு மகனுக்கு மட்டுமே கிட்டிய கல்வியைப் பெற்று உயர்ந்தனர். ஆனால் பிறப்பு குறைந்ததன் பெருமை முழுவதையும் இந்த ஆணைக்கு அளிக்க இயலாது. ஒரு பெண்ணுக்குச் சராசரி 6 குழந்தைகளை ஒட்டி இருந்த நிலை, 1970களிலேயே 3க்கும் கீழே இறங்கிவிட்டது.

பூட்டிய கதவை நினைத்தபோது திறக்கவும் முடியவில்லை. 2016இல் இரண்டு குழந்தைகளுக்கும், 2021இல் மூன்று குழந்தைகளுக்கும் அனுமதி வந்தது. 2016இல் சுமார் 1 கோடியே 79 லட்சமாக இருந்த பிறப்பு, 2023இல் 90 லட்சமாகச் சுருங்கிற்று. 2022இல், 1961க்குப் பின் முதன்முறையாக, அந்நாட்டின் ஜனத்தொகையே குறைந்தது.

நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். இங்கு 1979இல் ஒரு பெண்ணுக்குச் சுமார் 3.5 ஆக இருந்த குழந்தை விகிதம் 1991இல் 2.2 ஆயிற்று, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்போது 1.8 ஆக இருந்தது. ஒரே குழந்தை என்ற சட்டம் இங்கு இருந்ததில்லை. பெண்கள் கல்வி கற்றதும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை பிறந்ததும் இம்மாறுதலின் காரணங்களுள் தலையாயவை. அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசமோ, இரண்டுக்கு மேல் குழந்தை பெற்றோர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாகாது என்று 1994இல் செய்த விதியை 2024இல் நீக்கிவிட்டது.

ஆகவே, குறைவாகப் பெறுக என்று சொல்வோரையும் அதிகமாகப் பெறுக என்று சொல்வோரையும் நாம் ஒரே கேள்வி கேட்கவேண்டும்: முதியோரை யார் காப்பது? இதற்கான விடையில் ஒரு பங்கு நம் கையிலேயே உள்ளது. கூலியில் ஒரு பகுதியை நெசவாளர் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் நம் சங்கங்களில் நடக்கிறது. தகுதியிருந்தும் அதில் சேராதோரைத் தணிக்கைக்குச் செல்லுமிடமெல்லாம் காண்கிறோம். தார் சுற்றும் மகளுக்கும் தறியில் அமரும் மருமகளுக்கும் சங்கத்தில் பெயரே இல்லாததையும் காண்கிறோம். அவர்களை அங்கத்தினராக்குக, அவர்கள் கூலியை அவர்கள் பெயரிலேயே வரவு வைக்குக. மகளின் கை உழைப்பு கணக்கில் ஏறும் வீட்டில், மகன் ஒருவனையே முதுமைக்கு ஊன்றுகோலாக எண்ணும் அச்சம் நாளடைவில் அகலும். தாமே விரும்பிச் சேர்வது கூட்டுறவின் முதற்கொள்கை. குடும்ப வாழ்வுக்கும் அது பொருந்தும் என்பதே நம் கருத்து.