இரவல் குதிரையும் இருபது நிமிடமும்

2018 அக்டோபரில் புவெனஸ் ஐரிஸ் நகரில் இளையோர் ஒலிம்பிக் நடந்தது. குதிரைத் தடைதாண்டும் போட்டியில் தனிநபர் தங்கம் ஹோண்டுராஸ் நாட்டின் பெட்ரோ எஸ்பினோசாவுக்குப் போயிற்று. ஹோண்டுராஸ் சிறிய மத்திய அமெரிக்க நாடு. பெரியவர்களுக்கான ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டிலும் இதுவரை ஒரு பதக்கம்கூட அந்த நாடு வாங்கியதில்லை. அவர் ஏறிய குதிரையின் பெயர் லாவனேராஸ் ஹென்கினா. அது அவருடைய குதிரை அல்ல. அர்ஜெண்டினா போய் இறங்கிய பிறகு அவர் கைக்கு வந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். அங்கே தங்கம் வாங்கியவர் உருகுவே நாட்டின் மார்செலோ சிரிகோ. உருகுவேயும் குதிரையேற்றத்தில் ஒலிம்பிக் பதக்கம் பார்க்காத நாடு. அவர் ஏறியது ஆஸ்திரேலியாவிலிருந்து போட்டிக்கென்றே வரவழைக்கப்பட்ட குதிரைகளில் ஒன்று. முப்பது நாடுகளிலிருந்து முப்பது பிள்ளைகள் வந்தார்கள், ஒருவர்கூடச் சொந்தக் குதிரையைக் கொண்டுவரவில்லை.

இரவல் என்ற சொல்லுக்கு நம்மூரில் நல்ல பெயர் இல்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தவளைப் பற்றிய பழமொழியைச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கான உலகப் போட்டியைப் பொறுத்தவரை இரவல் குதிரைதான் நியாயமான வழி. இந்த முறை இன்னும் பரவ வேண்டும், இந்தியாவுக்கும் வர வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரவல் கொடுக்கப்படும் உயிருக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையின் வெற்றியைப் பற்றிப் பேச வேண்டும்.

மற்ற விளையாட்டுக்காரர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். குதிரை வீரருக்கு அரை டன் எடையுள்ள, பயப்படக்கூடிய, நோய் வரக்கூடிய ஒரு துணையும் கூடவே பயணிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல், சரக்கு விமானம், கூடவே ஒரு பராமரிப்பாளர், கால்நடை மருத்துவர். இதற்கெல்லாம் ஆகும் பணம் ஒருபுறம் இருக்கட்டும். பணம் இருந்தாலும் கடக்க முடியாத எல்லைகள் உண்டு. 1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தது. ஆனால் குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் அந்த ஆண்டு ஜூன் மாதமே சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்து முடிந்துவிட்டன. வெளிநாட்டுக் குதிரைகளுக்கான தனிமைப்படுத்தல் சட்டத்தை ஆஸ்திரேலியா தளர்த்த மறுத்ததே காரணம். 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்தபோதும் குதிரைகள் ஹாங்காங்கில்தான் ஓடின.

பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு பள்ளி மாணவிக்கு? சொந்தக் குதிரையைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டால் ஐரோப்பாவில் லாயம் வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மட்டுமே களத்தில் நிற்பார்கள். அதற்கு உலகப் போட்டி என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் போட்டியில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். முதல் சுற்றுகள் அவரவர் நாட்டில், அவரவர் குதிரையில், ஒரே மாதிரி வரைபடத்தில் அமைத்த தடைகளில் நடக்கும். அதில் முன்னணியில் வருபவர்கள் இறுதிச் சுற்றுக்கு ஒரே இடத்தில் கூடி இரவல் குதிரையில் ஏறுவார்கள்.

பழகாத குதிரையில் ஏறுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். எந்தக் குதிரை யாருக்கு என்ற குலுக்கலில் பெயர் வந்ததும் அந்தப் பிள்ளை நேராகச் சேணத்தைத் தேடுவதில்லை. கழுத்துப் பக்கமாக நின்று, கையை நீட்டி மோந்துபார்க்க விடுகிறது. காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வயிற்றுவாரை இறுக்கும்போது பல்லைக் காட்டுகிறதா, வாலைச் சுழற்றுகிறதா என்று பார்க்கிறது. ஏறி உட்கார்ந்து அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்த பிறகு கடிவாள வாரை விரல்களால் மெல்ல எடுக்கும். அந்த நொடியில் குதிரையின் வாய் பேசும். ஒன்று கடிவாளக் கம்பியில் சாய்ந்து இழுக்கும். இன்னொன்று தொட்டதுமே தலையைத் தூக்கிக்கொள்ளும். வட்டமாக நடத்தி, ஓட்டி, பாய்ச்சலுக்குப் போனால் அடுத்த பாடம். குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 3.6 மீட்டர் என்று கணக்கு வைத்துத்தான் தடைகளை நிறுத்துகிறார்கள். ஆனால் ஆறு பாய்ச்சலில் கடக்க வேண்டிய இடைவெளியை ஒரு குதிரை நீட்டி வைத்து ஐந்தில் முடித்துவிடும், இன்னொன்றுக்கு ஏழு வேண்டியிருக்கும். இதை முதலில் ஒரு தாழ்ந்த குறுக்குக் கம்பியில், பிறகு நேர்த்தடையில், பிறகு அகலத்தடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக் குதிரையோடு மூன்று ஆண்டுகளில் தானாக வந்து சேரும் இந்த அறிவை அந்தப் பிள்ளை ஓரிரு நாளில் சம்பாதிக்கிறது. குதிரையேற்றத்தில் இதைவிடப் பெரிய கல்வி இல்லை.

குலுக்கலில் நல்ல குதிரை கிடைத்தவன் ஜெயிப்பான், இதில் திறமைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். குதிரை உலகம் இதை வெகுநாள் முன்பே யோசித்துவிட்டது. உலகத் தடைதாண்டும் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் 1953 முதல் 2014 வரை இறுதிக்கு வந்த நால்வரும் குதிரைகளை மாற்றிக்கொண்டு, நான்கு குதிரைகளிலும் ஏறினார்கள். 2006 இல் ஆஹனில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நால்வரில் மூவர் பெண்கள். கடைசியில் பெல்ஜியத்தின் யோஸ் லான்சிங்கும் அமெரிக்காவின் பீஸி மேடனும் சமநிலையில் நிற்க, மறுசுற்றில் லான்சிங்க் வென்றார்.

மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் இன்னும் எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒரே குதிரையில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து ஏறுவார்கள். அந்தக் குதிரையில் யார் சிறப்பாகச் செய்தாரோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். முரட்டுக் குதிரை வந்தால் அது எல்லோருக்கும் முரடுதான், சாதுவான குதிரை வந்தால் எல்லோருக்கும் சாதுதான். அதிர்ஷ்டத்தின் பங்கு பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் 1967 இல் ஒரு மாணவர் தொடங்கிவைத்த போட்டி முறையும் இரவல் குதிரையில்தான் நடக்கிறது. விருந்தினர் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு முன், குதிரைகளைத் தினமும் பார்த்துக்கொள்ளும் மாணவர்களே அவற்றை ஓட்டிக் காட்டுகிறார்கள். எது எப்படிப் போகும் என்பது ஒளிவுமறைவு இல்லாமல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இதே குலுக்கல் ஒரு விளையாட்டின் அடித்தளத்தையே அசைத்த கதையும் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 6, டோக்கியோ ஒலிம்பிக். நவீன ஐந்துவிளையாட்டுப் போட்டியில் நீச்சலும் வாள்வீச்சும் முடிந்து முதலிடத்தில் இருந்தார் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய். அடுத்தது தடைதாண்டல். குலுக்கலில் அவருக்கு வந்த குதிரை செயின்ட் பாய். பழகிக்கொள்ளக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். அதே செயின்ட் பாய், அதற்கு முந்தைய சுற்றில் ரஷ்ய வீராங்கனையைச் சுமந்து வந்தபோதே தடைக்கு முன் திரும்பத் திரும்ப நின்றிருந்தது. அப்படியிருந்தும் ஷ்லோய்க்கு மாற்றுக் குதிரை கொடுக்கவில்லை. களத்துக்குள் நுழையவே குதிரை மறுத்தது. சேணத்தில் உட்கார்ந்தபடி அவர் அழுததை உலகம் பார்த்தது. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர் அடிக்கச் சொல்லிக் கத்தியது ஒளிபரப்பில் கேட்டது. அவரே குதிரையை முஷ்டியால் குத்தியதும் பதிவானது. ரைஸ்னர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முதலிடத்தில் இருந்த ஷ்லோய் 31 ஆவது இடத்தில் முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் குதிரையேற்றத்தை விட்டுவிடுவதாக அந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பு அறிவித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் கடைசி. 1912 முதல் இருந்த குதிரையின் இடத்தில் இனி ஓடி ஏறித் தாண்டும் தடைப் பாதை.

டோக்கியோவைக் காட்டி இரவல் குதிரையே கூடாது என்று முடிவு கட்டுவது சரியல்ல. அங்கே தவறியது இரவல் அல்ல, அவசரம். ஏற்கெனவே மிரண்டுபோன ஒரு குதிரையை அன்றைய தினமே இன்னொரு அந்நியரின் கையில் கொடுத்தார்கள். நிறுத்து என்று சொல்லும் உரிமை, அந்தக் குதிரையை அறிந்தவர் யாரிடமும் இல்லை. குதிரை தன் பயத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கேட்கும் ஏற்பாடுதான் இல்லாமல் போயிற்று.

பிள்ளைகளுக்கான போட்டியை நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. முப்பது பேர் வருகிறார்கள் என்றால் முப்பது குதிரை போதாது. மறுக்கும் குதிரையைக் கேள்வி கேட்காமல் லாயத்துக்கு அனுப்பிவிட்டு வேறொன்றைக் கொண்டுவரும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும். பழகும் நேரத்தை நிமிடத்தில் எண்ணக் கூடாது, நாளில் எண்ண வேண்டும். குதிரை வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கடிவாளத்தை, ஜெயிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் கடுமையான ஒன்றாக மாற்ற யாரையும் விடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பயிற்சி நேரத்தில் உரிமையாளரோ, வழக்கமாக ஏறுபவரோ வேலி ஓரம் நிற்க வேண்டும். போதும், இறங்கு என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். மொழி தெரியாத ஒரு பிள்ளைக்கு, இது இடது பக்கம் திரும்பும்போது தோளைச் சாய்க்கும், தண்ணீர்த் தடைக்கு முன் கொஞ்சம் தயங்கும் என்று சைகையிலாவது சொல்லித் தரக்கூடியவரும் அவர்தான்.

இனி நம் நாட்டு விஷயம். 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் குதிரை நடைக்கலை அணி தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது. 1982 டெல்லி விளையாட்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் கிடைத்த முதல் தங்கம் அது. அந்த இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி செய்தார்கள், அவர்களுடைய குதிரைகளும் அங்கேதான் இருந்தன. இந்தியாவில் வளரும் குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போவது அவ்வளவு கடினமாக இருந்தது. கிளாண்டர்ஸ் போன்ற தொற்றுநோய்கள் இங்கே இருப்பதால் பல நாடுகள் கதவைத் திறப்பதில்லை. இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் 2010 ஆசிய விளையாட்டுக்காகச் சீனா குவாங்சோ அருகே சோங்குவாவில் குதிரை நோயற்ற மண்டலம் ஒன்றை உருவாக்கியது. இந்தியாவில் மீரட் கண்டோன்மென்டில் உள்ள ராணுவ ரிமவுண்ட் கால்நடை மையத்தை நோயற்ற வளாகமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் அந்த வளாகத்தின் வேலிக்குள் இருக்கும் குதிரைகளுக்கு மட்டுமே அது பாஸ்போர்ட். சென்னையிலோ பெங்களூரிலோ வாரம் மூன்று நாள் ஏறிப் பழகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கதவு எப்போது திறக்கும்?

இரவல் குதிரைப் போட்டியில் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது விமானச் சீட்டும், தலைக்கவசமும், காலணியும்தான். இன்னொன்றும் உண்டு. நம் குதிரையேற்றப் பள்ளிகளில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. இன்று எந்தக் குதிரை என்று போன பிறகுதான் தெரியும். ஒருநாள் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் காற்றாய்ப் பறக்கும், மறுநாள் வயதான பள்ளிக் குதிரை காலைத் தூக்கவே சோம்பும். வசதியின்மையால் அமைந்த இந்தப் பழக்கம் இரவல் குதிரைப் போட்டிக்குச் சரியான பயிற்சி. பத்து வயதிலிருந்து ஒரே குதிரையில் ஏறிய பிள்ளையைவிடப் பத்துக் குதிரையில் ஏறிய பிள்ளைக்குக் குலுக்கலைக் கண்டு பயம் குறைவு.

போட்டியை நடத்துவதிலும் இந்தியா முன்வரலாம். பிள்ளைகள் வந்து போவார்கள், ஒரு குதிரையும் எல்லை தாண்ட வேண்டியதில்லை, நோய் அச்சமும் இல்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2020 இல் தாய்லாந்தில் நுழைந்து நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது. அதைப் பார்த்த ஆசிய நாடுகளுக்கு இது பெரிய நிம்மதி. ராணுவப் படைப்பிரிவுகளிலும் தனியார் பள்ளிகளிலும் நல்ல தடைதாண்டும் குதிரைகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் தயங்குவது இயல்பு. பிள்ளைபோல் வளர்த்ததை முன்பின் தெரியாத பதினைந்து வயதுக்காரரிடம் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அவர்களுக்கு வேலி ஓரத்தில் அதிகாரத்தோடு நிற்கும் இடம் கொடுத்தால் மனம் வரும்.

அடுத்த இளையோர் ஒலிம்பிக் 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை செனகலின் டாக்கரில் என்று குறித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க மண்ணில் முதல் ஒலிம்பிக் விழா. அதன் பட்டியலிலும் தடைதாண்டல் இருக்கிறது. அங்கே பதக்க மேடை போடும்போது ஒரு சிறிய மாற்றம் செய்யலாம். பெட்ரோ எஸ்பினோசாவின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, லாவனேராஸ் ஹென்கினாவின் பெயரும் இருக்கிறது. அந்தக் குதிரையை அன்று விடியற்காலை தேய்த்துக் குளிப்பாட்டி, கால்களுக்குக் கட்டுப்போட்டு, அந்நியப் பிள்ளையின் கையில் வாரைக் கொடுத்துவிட்டு வேலி ஓரம் மூச்சைப் பிடித்து நின்றவரின் பெயர் எங்கும் இல்லை. டாக்கரில் அவரையும் மேடைக்குக் கூப்பிடட்டும்.