அளவறிந்து ஊட்டுங்கள்

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன் வளர்க்கும் இல்லங்களில், இறால் வாங்கிய நாளன்று மீனுக்கும் ஒரு துண்டு இடப்படுவதுண்டு. பிள்ளைகளுக்கு அதிலே பெருமகிழ்ச்சி. நல்லதே. இறாலில் புரதம் உண்டு; மீனின் செந்நிறத்தைப் பேணும் நிறமியும் உண்டு. அந்நிறமியை மீன் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவினின்றே பெற வேண்டும்.

ஆயினும், பச்சையாக இடுவது நன்றன்று. சிலவகை மீன்களிலும் சிப்பிகளிலும் இறால்களிலும் தயாமினேஸ் என்னும் நொதி உள்ளது. அது வைட்டமின் பி1 சத்தை அழிப்பதால், நாளடைவில் மீனின் நரம்புகள் தளரும். வேகவைத்தால் அந்நொதி செயலிழக்கும். ஆகவே, ஓடு நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்து, மீனின் கண்ணளவாக நறுக்கி, வாரம் ஒருமுறை மட்டும் இடுங்கள்.

பொன்மீனுக்கு இரைப்பை கிடையாது; ஒரே வேளையில் மிகுதியாக உண்டால் செரிக்காது. எனினும், போதும் என்று அது ஒதுங்குவதுமில்லை. மிஞ்சிய துணுக்குகள் அழுக, நீரில் அம்மோனியா பெருகும். நீர் தெளிவாகவே தோன்றும். மீனோ மூச்சுக்குத் தவிக்கும். ஐந்து நிமிடத்தில் உண்ணாததை அகற்றிவிடுங்கள்.

கேட்டதையெல்லாம் கொடாமல், ஏற்றதை அறிந்து கொடுக்கும் அன்பைப் பிள்ளைகள் அத்தொட்டியருகே கற்றுக்கொள்ளட்டும்.